1222 டிகிரியை நம்பலாமா? சூளைக்கு மலிவாக ஒரு துல்லிய வெப்பமானி

கே வகை தெர்மோகப்பிள் (சூட்டை மின்னழுத்தமாக்கும் ஜோடிக் கம்பி), அந்த மின்னழுத்தத்தை டிகிரியாக மாற்றும் மேக்ஸ்31855 சிப் உள்ள சின்ன போர்டு, நிரலை ஓட்ட வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஒரு இஎஸ்பி32. இந்த மூன்றும் இருந்தால் ஆயிரம் டிகிரிக்கு மேலும் வெப்பத்தை அளக்கலாம். திரையில் 0.25 டிகிரிப் படிகளில் எண் ஓடுவதைப் பார்த்தால் துல்லியமாகத்தான் தெரியும். ஆனால் உண்மையில் 1222 டிகிரி இருக்கும்போது அந்த எண் 1203 என்று காட்டும். சிப்பில் பழுது எதுவும் இல்லை. அதன் வடிவமைப்பே அப்படி. இதை எப்படிச் சரிசெய்தேன், சரியாகிவிட்டதா என்று எதை வைத்துச் சோதித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

என் அக்கா புதுச்சேரிப் பக்கம் சின்னதாக ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான மண்பாண்டம்) பட்டறை நடத்துகிறார். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் வேரூன்றிவிட்டது. அக்காவிடம் இருப்பது மின்சாரச் சூளை. அதன் பழைய மீட்டர் கெட்டுப்போனதும், பழுது பார்க்க வந்தவர் ஒரு பெட்டியைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கோப்பைகளில் கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) வழிந்து அடித்தட்டில் ஒட்ட ஆரம்பித்தது. "டேய், மீட்டர் 1222தான் காட்டுது, ஆனா கோன் 7 படுத்துடுச்சு" என்றார் அக்கா. முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது.

கோன் என்பது களிமண்ணும் கிளேஸ் பொருட்களும் கலந்து செய்த சின்னக் கூம்பு. குறிப்பிட்ட அளவு வெப்பம் ஏறியதும் வளைந்து படுத்துவிடும். கோன் தயாரிக்கும் ஆர்ட்டன் நிறுவனத்தின் அட்டவணைப்படி, கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் கோன் 6 வளைவது 1222இல், கோன் 7 வளைவது 1239இல். மணிக்கு 150 டிகிரி வேகத்தில் ஏற்றினால் கோன் 6 வளையவே 1243 ஆகிவிடும். வெப்பநிலையோடு நேரமும் சேர்ந்துதான் கோனை வளைக்கிறது. அதனால் கோனை டிகிரியோடு ஒப்பிடும்போது வேகத்தையும் சொல்லியாக வேண்டும். அக்கா எப்போதும் மணிக்கு 60இல்தான் முடிப்பார். அப்படியென்றால் பெட்டி 1222 காட்டும்போது உள்ளே 1240ஐ ஒட்டி இருந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். மேக்ஸ்31855 போர்டு, ஒரு ஆர்டுயினோ நானோ (இன்னொரு குட்டிக் கணினி), சிப் தரும் எண்ணை அப்படியே திரையில் போடும் நிரல், அவ்வளவுதான். பிழை எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் தெர்மோகப்பிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறு முனைகளுக்கு நடுவே சின்னதாக மின்னழுத்தம் வரும். 1821இல் சீபெக் கண்டது இது. கே வகையில் ஒரு கம்பி குரோமெல், மற்றது அலுமெல். டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். இந்தச் 'சுமார்' என்பதில்தான் சிக்கல். 0 முதல் 100 டிகிரி வரை கிடைப்பது 4.096 மில்லிவோல்ட். 1100 முதல் 1200 வரை அதே 100 டிகிரிக்குக் கிடைப்பது 3.719 மட்டும். கோடு நேராகப் போகாமல் மேலே போகப்போகச் சாய்கிறது. ஆனால் மேக்ஸ்31855, டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்று ஒரே நேர்கோட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதன் தரவுத்தாளில் போட்டிருக்கும் பிழை எல்லையும் இந்த நேர்கோட்டை வைத்துத்தான். கோட்டுக்கும் உண்மையான வளைவுக்கும் உள்ள வித்தியாசம் அதில் சேராது. சிப் 30 டிகிரியில் இருப்பதாக வைத்து, அமெரிக்க அளவீட்டுத் தர நிறுவனமான என்ஐஎஸ்டியின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மையில் 800 இருந்தால் சிப் 807 காட்டும். 1000 இருந்தால் 1001. 1100 இருந்தால் 1094. 1200 இருந்தால் 1184. ஓரிடத்தில் கூட்டி, ஓரிடத்தில் சரியாக, ஓரிடத்தில் குறைத்துக் காட்டுகிறது. எனவே எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ இதைத் தீர்க்க முடியாது.

பெட்டியில் 1222 வரும்வரை ஏற்றினால் உள்ளே 1243 ஆகியிருக்கும். கோன் 7 படுத்ததற்கும் கிளேஸ் வழிந்ததற்கும் இதுவே காரணம்.

பழைய மேக்ஸ்6675 போர்டு இன்னும் மலிவு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அது 1023.75 டிகிரியோடு நின்றுவிடும், ஸ்டோன்வேருக்கு உதவாது. புதிதாக வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு மேக்ஸ்31856. வளைவைத் தானே திருத்திக்கொள்ளும், 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை வடிகட்டும், 'எஸ்' (S), 'ஆர்' (R), 'என்' (N) வகைக் கம்பிகளையும் ஏற்கும். விலைதான் கூட. கையில் 31855 இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கணக்கை நாமே போட்டுவிடலாம்.

கணக்கு இதுதான். சிப் இரண்டு எண்களைத் தரும். ஒன்று முனையின் வெப்பநிலை என்று அது நினைப்பது, மற்றது அதன் சொந்த உடல் வெப்பநிலை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 0.041276ஆல் பெருக்கினால், கம்பியிலிருந்து உண்மையில் வந்த மில்லிவோல்ட் கிடைத்துவிடும். சிப் செய்த கணக்கை நாம் பின்னோக்கிப் பிரிக்கிறோம். இதோடு சிப்பின் வெப்பநிலைக்கு உரிய மில்லிவோல்டை அட்டவணையில் பார்த்துக் கூட்ட வேண்டும் (20 டிகிரிக்கு 0.798, 30க்கு 1.203, 40க்கு 1.612, 50க்கு 2.023). வந்த மொத்தத்தை அதே அட்டவணையில் தேடினால் உண்மையான டிகிரி.

ஒரு உதாரணம். சிப் காட்டுவது 1203.5, அதன் உடல் 30. வித்தியாசம் 1173.5. பெருக்கினால் 48.437 மில்லிவோல்ட். 1.203ஐக் கூட்டினால் 49.640. அட்டவணையில் இது 1222.

என்ஐஎஸ்டி இதற்குப் பல்லுறுப்புக்கோவைக் கெழுக்களைத் தந்திருக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. 100 டிகிரிக்கு ஒரு எண் வீதம் 0 முதல் 1300 வரை அட்டவணையை நிரலில் எழுதி, இடையில் நேர்கோடு போட்டேன்: 0, 4.096, 8.138, 12.209, 16.397, 20.644, 24.905, 29.129, 33.275, 37.326, 41.276, 45.119, 48.838, 52.410. பதினான்கே எண்கள். இதனால் வரும் கூடுதல் பிழை அரை டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். கெழுக்களில் ஒரு இலக்கம் தவறினால் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்தப் பட்டியலில் ஒரு எண் தப்பாக விழுந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். சூளைக்கு இதுவே போதும்.

வளைவுக் கணக்கு முடிந்தது. ஆனால் துல்லியத்தில் பாதி நிரலில் இருக்கிறது என்றால் மீதிப் பாதி கம்பியில் இருக்கிறது.

சூளையின் வெளிச்சுவரில், கம்பிகள் வந்து சேரும் பீங்கான் முனையில் வெப்பநிலை 70 டிகிரி வரை போகும். மீட்டர் பெட்டியில் 35 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் சாதாரணச் செம்புக் கம்பியைப் போட்டால் அந்த 35 டிகிரிக்கான மின்னழுத்தம் காணாமல் போய்விடும். கே வகையில் அது 1.44 மில்லிவோல்ட். 1222 டிகிரியில் 40 டிகிரிக்குச் சமம். சிப் மாற்றினாலும் நிரல் மாற்றினாலும் அது திரும்ப வராது. கேஎக்ஸ் என்று கேட்டு வாங்கினால் அதே குரோமெல், அலுமெல் உலோகங்களில் நீட்டிப்புக் கம்பி கிடைக்கும், அதைத்தான் சிப் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பழுது பார்த்தவர் இதைச் சரியாகச் செய்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கம்பி நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ஐரோப்பிய முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர், சிவப்பு எதிர். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று நினைக்கும் கை இங்கே தப்பாகப் போகும். நம் ஊர்க் கடைகளில் இரண்டு முறைகளும் கலந்து கிடக்கின்றன. காந்தத்தை எடுத்துக் கம்பியில் வைத்துப் பாருங்கள். ஒட்டுவது அலுமெல், அதுதான் எதிர்முனை. நீட்டிப்புக் கம்பியை இரண்டு பக்கமும் மாற்றி இணைத்துவிட்டால் முனை சூடானதும் எண் ஏறத்தான் செய்யும், எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் சுவருக்கும் பெட்டிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு பிழை உள்ளே உட்கார்ந்திருக்கும்.

போர்டை வைக்கும் இடமும் முக்கியம். சிப் தன் உடல் வெப்பநிலையை அளக்கிறது. கம்பி வந்து சேர்வதோ ஒரு விரற்கடை தள்ளி இருக்கும் பச்சை நிற ஸ்க்ரூ டெர்மினலில். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் கணக்கு சரி. பழைய பெட்டியில் போர்டுக்கு மேலேயே மின்சப்ளை இருந்தது. மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்றுப் பட்டதுமே எண் சில டிகிரி நகர்ந்தது. புதிய பெட்டியில் போர்டைத் தனி அறையில் வைத்து, டெர்மினலைச் சுற்றிப் பஞ்சு வைத்து மூடினேன். இஎஸ்பி32 வைஃபையில் சூடாகும் என்பதால் அதை மறு கோடியில் தள்ளிவைத்தேன். அதற்காக எஸ்பிஐ (சிப்பிலிருந்து இஎஸ்பி32க்கு எண்களைக் கொண்டுபோகும்) கம்பிகளை ரொம்ப நீட்டக்கூடாது, நீட்டினால் குப்பை எண்கள் வரும். தெர்மோகப்பிள் கம்பி நீளமாக இருக்கலாம், எஸ்பிஐ கம்பி ஒரு சாணுக்குள் இருக்கட்டும். தெர்மோகப்பிள் உள்ளே வரும் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 10 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். எண் துள்ளுவது அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இப்போது பாதுகாப்பு. இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். அறை வெப்பத்தில் சூளைச் செங்கல் மின்சாரத்தைக் கடத்தாது. 1000 டிகிரிக்கு மேல் கொஞ்சம் கடத்த ஆரம்பிக்கும். 230 வோல்ட் ஓடும் காந்தல் கம்பிக்கும் (சூளையைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பி) தெர்மோகப்பிளுக்கும் நடுவில் சூடான செங்கல் மட்டும் இருந்தால், கசிவு மின்சாரம் தெர்மோகப்பிள் வழியாக உங்கள் போர்டுக்கும், அங்கிருந்து மடிக்கணினிக்கும், உங்கள் கைக்கும் வர வழி இருக்கிறது. சூளைக்குள் நான் போட்டிருப்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனான கே கம்பி, பீங்கான் மணிகளுக்குள், ஒரு பக்கம் மூடிய அலுமினாக் குழாய்க்குள். சூளையின் இரும்புக் கூடு எர்த் செய்யப்பட்டிருக்கிறது. யுஎஸ்பி இணைப்பு சூளை அணைந்திருக்கும்போது மட்டும், ஓடும்போது வைஃபை. மேக்ஸ்31855 தெர்மோகப்பிளின் எந்த முனையும் தரையைத் தொடுவதை ஏற்காது. தொட்டால் பிழைக்கொடி (ஏதோ தவறு என்று நிரலுக்குச் சொல்லும் குறி) காட்டும். அந்தக் கொடி நல்ல காவல், அதை அணைத்துவிட்டு ஓட்டக் கூடாது.

கம்பி அறுந்தாலும் சிப் ஒரு கொடி காட்டும். அதைக் கவனிக்காத நிரல், வரும் எண்ணைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சூளையை முழு வேகத்தில் ஓட்டும். எந்தக் கொடி வந்தாலும் கான்டாக்டர் (சூளைக்குப் போகும் மின்சாரத்தின் பெரிய ஸ்விட்ச்) விழ வேண்டும், அதாவது மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். கான்டாக்டர் போட்டும் பத்து நிமிடத்துக்கு வெப்பம் ஏறவில்லை என்றாலும் விழ வேண்டும். எஸ்எஸ்ஆர் (நகரும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்) மட்டும் போதாது. அது கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் நிலையிலேயே கெடும். அதனால் முன்னால் ஒரு கான்டாக்டர் கட்டாயம்.

சரி, இவ்வளவும் செய்தபின் திரையில் வரும் எண் உண்மைதானா? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தூய உலோகம் உருகும் வெப்பநிலையை யாராலும் மாற்ற முடியாது. துத்தநாகம் 419.5, அலுமினியம் 660.3, செம்பு 1084.6. தூய உலோகத்தை உருக்கி ஆறவிட்டால், உறையும்போது வெளியாகும் வெப்பம் அதை ஒரே டிகிரியில் பிடித்துவைக்கும். முழுக்க உறைந்த பிறகுதான் எண் மறுபடி இறங்கும். சர்வதேச வெப்பநிலை அளவுகோலே இந்த உறைநிலைகளின் மேல்தான் நிற்கிறது. இதற்கு வேண்டியது சின்ன உலை, நகைப் பட்டறையில் கிடைக்கும் கிராஃபைட் மூசை (உலோகத்தை உருக்கும் கிண்ணம்), தூய உலோகம்.

தூய்மையில் சமரசம் வேண்டாம். துத்தநாகம் என்று வார்ப்புக் கைப்பிடிகளை எடுத்தால் அதில் அலுமினியம் கலந்திருக்கும், 380களிலேயே உருகிவிடும். எஞ்சின் பாகத்து அலுமினியத்தில் சிலிக்கான் இருக்கும். பழைய அலுமினிய மின்கம்பி நல்லது, மின்சாரத் தரத்தில் 99.5 சதவீதத்துக்கு மேல் தூய்மை. செம்புக்கும் அப்படியே, உரித்த மின்கம்பி. செம்பின் மேல் கரித்தூளைப் போட்டு மூட வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்தால் அதன் உறைநிலை 20 டிகிரி அளவுக்குக்கூட இறங்கிவிடும். துத்தநாகத்தை உருகும் அளவுக்கு மேல் அதிகம் சூடாக்காதீர்கள், புகை கெடுதல். எல்லாமே வெளிக்காற்றில், முகக்கவசத்தோடு, ஈரம் துளியும் இல்லாமல்.

சூளையின் தடித்த கம்பி சின்ன மூசைக்குள் சரிப்படாது. தடித்த கம்பி வெப்பத்தை வெளியே இழுத்துவிடும், முனை குறைத்துக் காட்டும். அதனால் 1 மில்லிமீட்டர் கே கம்பியை மெல்லிய அலுமினாக் குழாயில் வைத்து ஒரு சோதனைக் கோல் செய்துகொண்டேன். குழாய் இல்லாமல் இறக்கக் கூடாது. உருகிய அலுமினியம் நிக்கல் கலவையைத் தின்றுவிடும்.

முதலில் ஐஸ். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் ஃபிளாஸ்கில். கணக்குக்குப் பின் வந்த எண் பூஜ்யத்திலிருந்து அரை டிகிரிக்குள். சிப்பின் உடல் வெப்பநிலை அளவுக்கு ±2 டிகிரி வரை பிழை அனுமதி உண்டு, இந்தச் சிப் அதைவிட நன்றாகவே இருந்தது.

அப்புறம் துத்தநாகம். உலையை அணைத்ததும் எண் மளமளவென்று இறங்கியது. 420க்கு வந்ததும் நின்றது. மேற்பரப்பில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஆறும் பாலில் ஆடை படிவதுபோல, மங்கலான தோல் படர்ந்தது. எண் அசையவில்லை. வரைபடத்தில் சாய்ந்து வந்த கோடு தரை மாதிரி மட்டமாகப் போனது. திருத்திய எண் 420.5. திருத்தாத, சிப் நேரடியாகத் தந்த எண் 419.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உண்மை 419.5. திருத்தாத எண் அதற்கு அரை டிகிரி பக்கத்தில், நான் மெனக்கெட்டுத் திருத்தியது ஒரு டிகிரி தள்ளி! துத்தநாகத்தோடு நிறுத்தியிருந்தால், திருத்தமே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டியிருப்பார்கள். அலுமினியத்தில் கதை தெளிவானது: சிப் தந்தது 668, திருத்தியது 662.0. செம்பில் சிப் தந்தது 1082.5, திருத்தியது 1087.5. திருத்திய எண்களின் பிழையை வரிசையாக வையுங்கள்: 1.0, 1.7, 2.9. மூன்றுமே உண்மையான அளவில் கால் சதவீதத்தை ஒட்டி. கிட்டத்தட்ட ஒரே விகிதம். திருத்தாத எண்களின் பிழையோ அரை டிகிரி குறைவு, ஏழரைக்கு மேல் கூடுதல், மறுபடி இரண்டு குறைவு. அதில் எந்த ஒழுங்கும் இல்லை. துத்தநாகத்தில் வளைவுப் பிழையும் இந்த விகிதப் பிழையும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிட்டன. அதனால்தான் ஒரே புள்ளியில் சோதிப்பதை நான் ஏற்பதில்லை. கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறது என்று சூளைக்கு மீட்டர் விற்பவர்கள் இருக்கிறார்கள். 100 டிகிரியில் இந்தச் சிப்பின் வளைவுப் பிழை கிட்டத்தட்டப் பூஜ்யம், அந்தச் சோதனை 1222ஐப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒரே விகிதத்தில் இருக்கும் பிழையைத் திருத்துவது சுலபம். 0.9974ஆல் பெருக்கினால் போதும். இந்தப் பிழை கம்பியுடையதா சிப்புடையதா என்று நான் பிரிக்கவில்லை, பிரிக்கத் தேவையும் இல்லை. ஆனால் இந்தப் பெருக்கல் எண் இந்தக் கோலும் இந்தச் சிப்பும் சேர்ந்த ஜோடிக்கு மட்டும்தான். இரண்டில் எதை மாற்றினாலும் மறுபடி மூசையை எடுக்க வேண்டும். இரண்டாம் தரக் கே கம்பிக்கு 0.75 சதவீதம் வரை பிழை அனுமதி, 1200இல் 9 டிகிரி. என் கம்பி அதைவிட நன்றாக இருந்தது கடைக்காரர் கொடுத்த அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: உலோகம் முழுக்க உறையும்வரை குழாயை உள்ளே விட்டுவிட்டால், சுருங்கும் உலோகம் அதை இறுக்கி உடைத்துவிடும். கோடு மட்டமாகப் போனதைப் பார்த்ததும், மறுபடி சூடேற்றி உருகிய நிலையில் வெளியே எடுங்கள்.

சோதித்த கோலைச் சூளையின் தடித்த கோலுக்குப் பக்கத்தில், முனையோடு முனை சேர்த்துத் தொங்கவிட்டேன். 400, 700, 1000, 1080 என்று ஒவ்வொன்றிலும் சூளையை அசையாமல் நிறுத்தி இரண்டையும் ஒப்பிட்டேன். தடித்த கோலுக்கான தனிப் பெருக்கல் எண் இப்படித்தான் வந்தது. இரண்டு முனைகளும் காந்தல் கம்பிக்கு நேர் எதிரே இல்லாமல் தட்டின் நடுவை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கம்பியின் சிவந்த ஒளி நேராகப் பட்டால் முனை பாத்திரங்களைவிடச் சூடாகிவிடும்.

கடைசிச் சோதனை அக்காவுடையது. கோன் 5, 6, 7 மூன்றையும் தெர்மோகப்பிள் முனைக்குப் பக்கத்தில் வைத்து, கடைசி 100 டிகிரியை மணிக்கு 60இல் ஏற்றினார். பார்வைத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கோன் 6இன் நுனி தட்டைத் தொட்டபோது திரையில் 1224. கோன் 7 நிமிர்ந்தே நின்றது. மறுநாள் திறந்தபோது எந்தக் கோப்பையிலும் கிளேஸ் வழியவில்லை. "இனிமே கோன் வைக்க வேணாமா?" என்று கேட்டார்.

வைக்கத்தான் வேண்டும் என்றேன். கே கம்பி 1200க்கு மேல் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஆக்சிஜன் குறைந்த புகைச் சூளையில் குரோமெல் இன்னும் வேகமாகக் கெடும். அது மின்சாரச் சூளையில் அவ்வளவாக இல்லை என்றாலும் விலகல் இருக்கும். அதனால் ஒவ்வொரு சூட்டிலும் கோன் 6 படுக்கும் நேரத்தில் திரையில் இருந்த எண்ணை அக்கா நோட்டில் எழுதுகிறார். அந்த எண் 1222லிருந்து பத்து டிகிரி நகர்ந்தால் கம்பியை மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். மாற்றும்போது அதே 3.2 மில்லிமீட்டர் தடிமனில் 'என்' (N) வகைக் கம்பி போட்டுப் பார்க்க ஆசை. கே வகையைவிட நிலையாக நிற்கும். ஆனால் மேக்ஸ்31855இல் ஒவ்வொரு வகைக்கும் தனிச் சிப் என்பதால் அப்போது போர்டும் மாறும், அட்டவணையும் மாறும், மூசையும் மறுபடி உலைக்குப் போகும்.